பரேல் மாளிகையும் முல்கோவால் புட்டியும்

ஆண்டு விழா மலர் என்றால் பிறந்த மண்ணின் பெருமையை எழுதுவது நம் சங்கத்தார் வழக்கம். அவ்வழக்கம் நன்றே. ஆயினும், நாம் உழைத்து உண்டு வாழும் இந்நகருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையும் இடையிடையே எண்ணிப் பார்த்தல் நமக்குக் கடன். மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் தெற்கு நோக்கி வேலைக்குச் செல்லும் நம்மவருள் பலர் பரேல் வழியாகவே போய் வருகின்றனர். அங்கே மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய மாளிகையில் ஹாப்கின் நிலையம் இருப்பதும், பாம்புக் கடி மருந்துக்கு அது பெயர் பெற்றது என்பதும் பலரும் அறிந்ததே. அந்த ஹாப்கின் என்பவர் யார் என்று கேட்டால் விடை சொல்பவர் சிலரே. அவருடைய கதை ஒரு மருந்தின் கதை மட்டும் அன்று. விஞ்ஞானி ஒருவன் பொதுமக்களுக்கு என்ன கடன் பட்டவன், பொதுமக்களின் பெயரால் ஆள்வோர் அவனுக்கு என்ன கடன் பட்டவர் என்னும் வழக்கு, நம் நாட்டில் முதன்முதலில் பெரிய அளவில் நடந்தது அவர் பொருட்டே எனலாம்.

அம்மாளிகையின் பழங்கதையிலும் ஒரு வியப்பு உண்டு. முதலில் அது போர்ச்சுக்கீசியப் பாதிரிமாரின் இருப்பிடமாக இருந்தது. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறிப் பம்பாய் ஆளுநரின் உறைவிடம் ஆயிற்று. ஆளுநர் ஒருவரின் மனைவியார் அங்கே வாந்திபேதி கண்டு இறந்தார். அதன்பின் ஆளுநர்கள் கடலோரத்து மலபார் முனையையே விரும்பினர். வாந்திபேதிக்கு அஞ்சி ஒருவர் விட்டுச் சென்ற வீட்டிற்கு, வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்ட ஒருவர் பின்னாளில் தலைவராக வந்தார்.

வால்டெமார் ஹாப்கின் 1860-ஆம் ஆண்டில் கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். புகழ்மிக்க மெச்னிக்காபிடம் உயிர்நூல் பயின்றார். மதம் மாறினால் ரஷ்யப் பல்கலைக் கழகத்தில் உயர் பதவி கிடைத்திருக்கும், அவர் மாறவில்லை. பாரிஸ் சென்று பாஸ்டியர் நிலையத்தில் நூலக உதவியாளராக நுழைந்து, ஓய்ந்த நேரங்களில் ஆய்வு செய்தார். 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், தாம் ஆக்கிய வாந்திபேதித் தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். பின்னரே பிறருக்கு ஊசி இட்டார். முதல் ஊசி தமக்கு என்னும் இம்முறையை அவர் யாரும் கட்டளையிட்டுக் கைக்கொண்டவர் அல்லர்.

1893-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவிற்கு வந்தார். கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் வாந்திபேதி ஓயாது உலவிய காலம் அது. நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த சிம்சன் என்பார் அவருக்கு உறுதுணையானார். ஆயினும், அந்நியன் ஒருவன் ஊசியுடன் வருவதைக் கண்ட மக்கள் கல்லெறிந்தனர். கண்ணாடிக் கருவிகள் உடைந்தன. ஹாப்கின் சினம் கொள்ளவில்லை. காவலரை அழைக்கவும் இல்லை. எல்லாரும் காணத் தம் சட்டையை உயர்த்தி, உடன் வந்த வங்காள மருத்துவரைக் கொண்டு தமக்கே ஊசி இடச் செய்தார். அதனைக் கண்ட பின்னரே மக்கள் ஒருவர் பின் ஒருவராக முன்வந்தனர். 1894-ஆம் ஆண்டில் கட்டால் பாகான் என்னும் சேரியில் இருநூறு பேர் அளவில் வாழ்ந்தனர்; அவர்களுள் 116 பேர் ஊசி இட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே வாந்திபேதி கண்டவர் அனைவரும் ஊசி இட்டுக்கொள்ளாதவரே.

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் நோயைக் கண்டறிந்தார். இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். அக்டோபர் மாதத்தில் ஹாப்கின் இங்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அரசாங்கம் கொடுத்த ஆய்வுக் கூடம் எது தெரியுமா? கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஒரு தாழ்வாரம். எழுத்தர் ஒருவர், ஏவலர் மூவர். ஊர் எரியும்போது கிணறு வெட்டவாவது ஒரு மண்வெட்டி கொடுத்தார்களே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். மூன்று மாதத்தில் அவர் மருந்தை ஆக்கி முடித்தார். பிளேக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, சூட்டினாற் கொன்று, சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்ப்பது அம்முறை. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்நாட்டார் மனத்தைப் புண்படுத்தும் என்றறிந்து, ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். ஊசியினுள் இருப்பது என்ன என்று யாரும் கேளாத காலத்திலும், கேட்டால் மறைக்காமல் விடை சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், பத்துக் கன சென்டிமீட்டர் மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். பின்னர் பிறருக்கு வழங்கிய அளவைப் போல் அது ஏறத்தாழ நான்கு மடங்கு. கடுங்காய்ச்சலும் வலியும் கண்டு, சில நாளில் தெளிந்தார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளுள் முன்வந்தவர்க்கு ஊசி இட்டனர். ஏனையோரை இடாமல் விட்டனர். இரு சாராரையும் ஒப்பிட்டனர். ஊசி இட்டுக்கொண்டவரிடையே நோயும் சாவும் குறைந்தன. சிறைக் கூண்டில் இருப்பவன் 'முன்வந்தான்' என்பதற்கு எவ்வளவு பொருள் உண்டு என்று இக்காலத்தார் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே, இன்றைய நெறிகளின்படி அவ்வாய்வுக்கு எளிதில் இசைவு கிடைத்திராது. ஆயினும், அக்காலத்தில் கைதியைக் கேளாமலே செய்திருந்தாலும் எவரும் தடுத்திரார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதனினும் நுட்பமானது பரோடா நாட்டைச் சேர்ந்த உந்தேரா என்னும் சிற்றூரில் 1898-ஆம் ஆண்டில் நடந்தது. ஊராரை வீடுவீடாக அழைத்து, ஒரே வீட்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஊசி இட்டார். உணவும் இருப்பிடமும் ஒன்றாக இருக்க, ஊசி ஒன்றே வேற்றுமை ஆதல் வேண்டும் என்பது நோக்கம். பிளேக் புகுந்த 28 குடும்பங்களைப் பின்னர்க் கணக்கெடுத்தனர். ஊசி இட்டுக்கொண்ட 71 பேரில் நோய் கண்டோர் 8, மாண்டோர் 3. இட்டுக்கொள்ளாத 64 பேரில் நோய் கண்டோர் 27, மாண்டோர் 26. இவ்வெண்களை நாம் படிக்கும்போது இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. மருந்தின் வன்மை ஐயமின்றித் தெளிவாகிறது; அதே வேளையில், அந்த இருபத்தாறு பேருக்கும் ஊசி இட்டிருக்கலாகாதா என்று நெஞ்சம் கேட்கிறது. மருந்து பயன் தரும் என்பது ஆய்வு முடியும்வரை உறுதியன்று. ஆய்ந்து உறுதி செய்யாமல் இலட்சம் பேருக்கு இடுவது அதனினும் பெரும் பிழை. இரண்டிற்கும் நடுவே நின்று முடிவெடுப்பவன் மனம் எளிதாக இருந்திராது. ஊசி இட்டவருள்ளும் மூவர் மாண்டனர் என்பதை அவர் மறைக்கவில்லை. எட்டுப் பேருக்கு நோய் கண்டது என்பதையும் குறைக்கவில்லை. இதுவே நாம் கருதத்தக்கது.

அதே ஆண்டுகளில் அரசாங்கம் பிளேக்கை எதிர்த்த விதம் வேறு. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு எல்லையற்ற உரிமை வழங்கியது. (2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோதும் நம் மாநிலங்கள் கையில் எடுத்தது இந்தச் சட்டத்தையே.) பூனாவில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதித்தனர், பெண்டிர் மானத்தையும் பூசையறையையும் மதிக்கவில்லை என்று மக்கள் கொதித்தனர். அதன் முடிவு, பிளேக் அதிகாரி ராண்டு என்பவரைச் சாபேகர் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் சுட்டதில் வந்து நின்றது. ஹாப்கினோ, ஊசியைக் கட்டாயம் ஆக்கலாகாது என்ற கொள்கையுடையவர். இஸ்மாயிலி கோஜா வகுப்பாரின் தலைவராகிய இளம் ஆகாகான் தம் மக்கள் காணத் தாமே ஊசி இட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத்திற்குத் தம் மாளிகையொன்றையும் கொடுத்தார். படைவீரன் தள்ளித் திறக்க முடியாத கதவுகள் இவ்வாறு திறந்தன. 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆய்வுக்கூடம் பரேல் மாளிகைக்கு மாறியது. தாழ்வாரத்தில் தொடங்கிய பணி ஆளுநர் மாளிகையை அடைந்தது.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

1902-ஆம் ஆண்டில் பஞ்சாபில் பிளேக் பெருகியது. அம்மாகாண அரசாங்கம் பெருந்திரளான மக்களுக்கு ஊசி இடத் திட்டமிட்டு, பரேலிடம் மிகப் பெரிய அளவில் மருந்து கேட்டது. கேட்ட அளவை விரைந்து கொடுக்க வேண்டி, ஹாப்கின் செய்முறையில் சில மாற்றங்கள் செய்தார். அவற்றுள் ஒன்று, கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்துச் சூட்டினால் மட்டுமே தூய்மை செய்வது. பாரிஸ் பாஸ்டியர் நிலையத்தில் அம்முறை முன்னரே வழக்கில் இருந்தது. ஆங்கில அதிகாரிகளுக்கு அது புதிது.

1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இன்று பாகிஸ்தானிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில், 107 பேருக்கு ஊசி இட்டனர். பயன்படுத்திய புட்டிகள் ஐந்து. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றது. அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாய் வளைந்தது. டெட்டனஸ் எனப்படும் இசிவு நோய் அது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அவர்கள் அனைவரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். அப்புட்டியின் எண் 53-என். மற்ற நான்கு புட்டிகளிலிருந்து ஊசி பெற்றவர் ஒருவருக்கும் தீங்கில்லை.

நோயுற்று ஊசி இட்டுக்கொண்டவர் அல்லர் அவர்கள். நோய் வாராமல் இருக்க வந்தவர்கள். நம்பி நீட்டிய கைக்கு நேர்ந்த கேடு இது. ஆகவே விசாரணை வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இருக்க இயலாது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில், மருத்துவர் இருவரையும் சேர்த்து அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. புட்டியை முல்கோவாலில் திறப்பதற்கு முன்பே, அதாவது பரேலிலேயே, மருந்தில் நஞ்சு கலந்துவிட்டது என்று குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலத்தை நீக்கியதையும் குற்றமாக எடுத்துக் கூறியது. ஹாப்கின் பதவியிலிருந்து நீங்க வேண்டியவரானார். ஒரு தாழ்வாரத்தைப் பெருநிலையமாக்கியவர், பத்தொன்பது கொலைக்குப் பொறுப்பாளி என்னும் பெயருடன் 1904-ஆம் ஆண்டில் லண்டன் சென்றார்.

சான்றுகள் என்ன கூறின? இதனை நாம் சற்று நின்று காண வேண்டும். ஏனெனில் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, முல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறந்தபோது, தக்கையைப் பிடுங்கும் இடுக்கி உதவியாளர் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதனை எடுத்துக் கார்பாலிக் நீரில் நனைத்தார், தீயிற் காட்டவில்லை. அந்த இடுக்கியாலேயே தக்கையைத் திறந்தார். டெட்டனஸ் கிருமியின் இயல்பான வாழிடம் மண். அதன் வித்துகள் கார்பாலிக் நீரில் ஒரு நொடி நனைந்தால் அழிபவை அல்ல. இச்செய்தி விசாரணையின்போதே வெளிவந்தது. இரண்டாவது, டெட்டனஸ் கிருமி மூடிய புட்டியில் பல வாரம் வளர்ந்தால் கடுநாற்றம் வீசும். மருந்தை முகர்ந்து பார்த்த மருத்துவர் அத்தகைய நாற்றம் இல்லை என்றே சான்று கூறினார். மூன்றாவது, பரேலிலேயே கலந்திருப்பின், வாரக்கணக்கில் ஊறிய நஞ்சு புட்டி முழுவதும் நிறைந்திருக்கும். ஊசி பெற்றவர் விரைவிலேயே துடித்திருப்பர். ஒரு வாரம் கழித்து நோய் தோன்றியது, ஊசியோடு புகுந்த சில வித்துகள் உடலினுள்ளே முளைத்து நஞ்சு சுரந்தன என்பதற்கே பொருந்தும். லண்டன் லிஸ்டர் நிலையத்தாரை அரசாங்கம் கேட்டபோது, கிருமி எந்தக் கட்டத்தில் புட்டியினுட் புகுந்தது என்று துணிந்து கூற இயலாது என்றே அவர்கள் விடை தந்தனர். ஐயம் என்று அறிஞர் கூறியதை, உறுதி என்று ஆட்சியாளர் படித்துக்கொண்டனர் போலும்.

அந்த உதவியாளர்மேல் பழி முழுவதையும் ஏற்றுவது நமக்கு உடன்பாடன்று. ஆயிரக்கணக்கானோர்க்கு அவசரமாக ஊசி இட வேண்டும் என்று மேலிடம் நெருக்கும்போது, கீழிருப்பவன் கையிலிருந்து இடுக்கி விழுவது இயல்பே. ஹாப்கினையும் நாம் முற்றும் விடுவிக்க விரும்பவில்லை. பெரும் மக்கள் தொகைக்கு வழங்கும் மருந்தின் செய்முறையை மாற்றுபவர், அம்மாற்றத்தை மேலோர்க்கும் பிற அறிஞர்க்கும் முன்கூட்டி விளங்க அறிவித்து, எழுத்தில் இசைவு பெற்றிருத்தல் வேண்டும். புதுமுறை சரியானதாகவே இருந்தது என்பது வேறு. அது சரி என்று பிறர் அறிய வழி வைத்தல் வேறு. தம் உடலில் ஊசி ஏற்றிக்கொள்ளத் துணிந்தவர், தாளில் நான்கு வரி எழுதுவதில் சற்றுத் தளர்ந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், தளர்ச்சி வேறு, கொலைப்பழி வேறு.

அரசாங்கத்தின் குற்றம் இவ்விருவர் குற்றத்தினும் பெரிது. குழுவின் அறிக்கை ஆண்டுக்கணக்கில் வெளிவரவில்லை. 1906-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது அச்சேறியது. அதுவரை, தம்மேல் சுமத்திய பழியின் அடிப்படை எது என்று பிற அறிஞர்கள் ஆய்ந்து பார்க்க வழியே இல்லை. பத்தொன்பது குடும்பங்களுக்கும் உண்மை தெரியவில்லை. ஊசி இடுவோருக்கும், இடுக்கியைத் தீயிற் காட்ட மறவாதே என்னும் பாடம் ஊர்தோறும் போய்ச் சேரவில்லை. ஊசி மருந்தே நஞ்சு என்னும் வதந்திதான் போய்ச் சேர்ந்தது. பஞ்சாபில் ஊசி இயக்கம் சரிந்தது, பிளேக் சரியவில்லை. பிந்திய ஆண்டுகளில் அம்மாகாணத்தில் அந்நோய் இலட்சக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. அவர்களுள் எத்தனை பேர் அஞ்சி ஊசியைத் தவிர்த்தவர் என்று கணக்கிட எவராலும் இயலாது.

அறிக்கை வெளிவந்தவுடன் பேசத் தொடங்கியவர் சர் ரொனால்டு ராஸ். அல்மோராவில் பிறந்து, சென்னை மாகாணப் படை மருத்துவராகப் பணியாற்றி, 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். 1902-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். அவர் எவரிடமும் இனிமையாகப் பேசுபவர் அல்லர், சண்டைக்கு அஞ்சாதவர். இவ்வழக்கிற்கு அந்த இயல்பே உதவியது. 1907-ஆம் ஆண்டில் லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு அவர் தொடர்ந்து எழுதினார். இடுக்கி விழுந்த செய்தியை எடுத்துக்காட்டினார். சான்றுகளுக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியை விளக்கினார். கல்கத்தாவில் ஹாப்கினுக்குத் துணைநின்ற சிம்சனும் அவர் பொருட்டு எழுதினார். அவ்வாண்டு ஜூலை 29-ஆம் நாள், நுண்ணுயிர் நூல் வல்லார் பதின்மர் ஒருங்கே கையெழுத்திட்ட மடலொன்று அதே இதழில் வெளிவந்தது. ஹாப்கின்மேல் சுமத்திய குற்றம் மெய்யன்று என்பது அம்மடலின் முடிவு.

இப்பதின்மர் செய்ததன் அருமையைக் கருத வேண்டும். பழி சுமந்தவர் ரஷ்ய யூதர். ஆங்கில மருத்துவப் பட்டம் பெறாதவர். இந்திய மருத்துவச் சேவை அதிகாரிகளின் இனத்தைச் சேராதவர். பிரெஞ்சு நாட்டில் திரைபஸ் என்னும் யூத அதிகாரியைப் பொய்க்குற்றம் சாட்டித் தண்டித்த வழக்கோடு சிலர் இதனை ஒப்பிட்டுப் பேசியது வீணன்று. ஆட்சியை எதிர்த்துப் பேசி அவர்கள் பெறத்தக்க ஊதியம் ஒன்றும் இல்லை. உடன்தொழிலாளன் என்னும் பாசமும் காரணம் அன்று. ராஸும் ஹாப்கினும் ஒரே கூடத்தில் பணியாற்றியவர் அல்லர். சான்று ஒன்று கூற, தீர்ப்பு வேறொன்று கூறுகிறது. அதனைக் கண்டும் வாளாவிருப்பது தம் தொழிலுக்கு அடாது என்பதே அவர்களை எழுதச் செய்தது.

1907-ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கம் ஹாப்கினைப் பழியிலிருந்து விடுவித்து, மீண்டும் பணிக்கு அழைத்தது. ஆனால் பரேலுக்கு அன்று. கல்கத்தாவின் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்கு அவரை அனுப்பினர். அங்கேயும் மனிதருக்கு ஊசி இட்டு ஆயும் உரிமை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஏட்டளவான ஆராய்ச்சியே அவருக்கு விதித்தது. 1914-ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்று இந்தியாவை விட்டுச் சென்றார். பரேல் நிலையத்திற்கு 1925-ஆம் ஆண்டில் அவர் பெயரைச் சூட்டினர். அப்போது அவர் ஐரோப்பாவில் தனியராக வாழ்ந்துகொண்டிருந்தார். மணம் செய்துகொள்ளாதவர், மக்கள் இல்லை. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உயிர் நீத்தார்.

முல்கோவாலில் மாண்ட பத்தொன்பது பேரும் அக்டோபர் மாதத்தின் இறுதியிலேயே ஊசி இட்டுக்கொண்டனர். பரேல் வழியாகச் செல்லும்போது அந்த மாளிகையை அடுத்த முறை காணும் நம்மவர், வாயிலில் உள்ள பெயரோடு அவர்களையும் சேர்த்து நினைப்பாராக.